எல்லாருக்கும் அடித்த மணி

கன்னியர் மடத்தில் மணி அடித்த அந்த மதியத்தில், டிரைவிங் டீச்சர் அதே மடத்தின் பின்சுவரை ஒட்டிய சந்தில், ஒரு வங்கி மேலாளருக்கு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கிளையையே ஆட்டிவைக்கிற மனுஷர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைபோல முழிப்பார். "கண்ணாடியப் பாருங்க சார், என் மூஞ்சியப் பாத்து என்ன ஆகப்போகுது" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி யார் வீட்டுப் பூந்தொட்டியையோ இடித்துச் சாய்த்தது. மேலாளர் இறங்கிப்போய்த் தொட்டியிடம் மன்னிப்புக் கேட்டார். டீச்சர் வயிறு வலிக்கச் சிரித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், மாடி அறையில், லேப் சிஸ்டரின் உயிர் பிரிந்துகொண்டிருந்தது.

லேப் சிஸ்டர் என்றால் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ஆயுசு முழுக்க ரத்தமும் சிறுநீரும் பார்த்தவர். ஓய்வு கொடுத்து அனுப்பியதும் சும்மா இருக்க முடியாமல், "எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடு" என்று டிரைவிங் ஸ்கூல் வாசலில் வந்து நின்றார். கியர் மாற்றும்போதெல்லாம் "சேசுவே" என்பார். "அவரக் கூப்பிடாதீங்க சிஸ்டர், கிளட்ச்ச மிதிங்க" என்பாள் டீச்சர். உரிமம் கைக்கு வருவதற்குள் இருவருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. அதன்பிறகு மடத்து வேனுக்கு லேப் சிஸ்டர்தான் டிரைவர். ஒருநாள் அந்த வேனிலேயே டீச்சரை ஏற்றிக்கொண்டுபோய் மாலை ஜெபத்துக்கு உட்காரவைத்தார். போனவள் மறுநாளும் போனாள்.

போகாமல் என்ன செய்வாள்? கல்யாணம் தட்டித் தட்டிப் போய், கடைசியில் அந்தப் பேச்சே நின்றுவிட்டது. தம்பி வீட்டு மாடியில் ஒரு அறை. தம்பி மனைவி தங்கமானவள்தான், முகம் கோணமாட்டாள். ஆனாலும் தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, டிவி சத்தத்தைத் தாண்டி மாடியேறிப் போகிற வீடு அது. மடத்தில் அப்படியில்லை. துறவறம் பூணாமல், வெளியே வேலை பார்த்துக்கொண்டே சிஸ்டர்களோடு சேர்ந்து ஜெபிக்கிறவர்களைத் தோழமைக்காரர்கள் என்பார்கள். கழுத்தில் சின்னதாக ஒரு மரச்சிலுவை, வருஷத்துக்கு ஒருமுறை வாக்குறுதி. மற்ற தோழமைக்காரர்கள் மாதத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்ப்பார்கள், டீச்சர்தான் தினமும். சிலுவையைக் கழுத்தில் போட்ட அன்று மடத்துத் தலைவியான மதர் அவளைக் கட்டிக்கொண்டு, "இனிமே இது உங்க வீடு டீச்சர். நீங்க எங்கள்ல ஒருத்தி" என்றார். சடங்குக்குச் சொல்கிற வார்த்தையாகக்கூட இருக்கலாம். டீச்சர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் மணிதான். வராந்தாத் தூணில் தொங்கும் வெண்கல மணி ஜெபத்துக்கு ஒருவிதமாகவும் சாப்பாட்டுக்கு ஒருவிதமாகவும் அடிக்கும். யாருக்காவது கடைசி நேரம் என்றால் நிறுத்தாமல் அடிக்கும். அப்போது யாரையும் பெயர்சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். மதரையும் மணிதான் கூப்பிடும், நேற்று வந்து சேர்ந்தவளையும் மணிதான் கூப்பிடும். அடுப்பில் பால் பொங்கினாலும் பொங்கட்டும் என்று ஓடி வந்து கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் தனியாகச் சாவதில்லை என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை உண்டு.

லேப் சிஸ்டர் படுக்கையில் விழுந்ததிலிருந்து மாலை ஜெபம் முடிந்ததும் டீச்சர் மாடிக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு யார் எதில் இடித்தார்கள் என்று கதை சொல்வது வழக்கம். அன்றும் பூந்தொட்டிக் கதையைச் சுமந்துகொண்டு, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேதான் வந்தாள். மடத்துக் கோயிலுக்குள் மெழுகுவர்த்திகள் எரிந்தன. பீடத்துக்கு முன்னால், இஸ்திரி மடிப்புக் கலையாத அங்கியில், லேப் சிஸ்டரைக் கிடத்தியிருந்தார்கள்.

சமையல் சிஸ்டர் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "குடுத்து வச்சவங்க டீச்சர். நல்ல சாவு. மத்தியானம் மணி அடிச்சதும் எல்லாரும் ஓடிவந்து சுத்தி நின்னுட்டோம். ஒருத்தர் பாக்கியில்ல..." என்றவர், டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

டீச்சரால் அங்கே அழக்கூட முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று தெரியாது. எல்லாரும் எழுந்துபோன பிறகு மதர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே மதர்."

"தோணல டீச்சர். சத்தியமாத் தோணல. மணி அடிச்சாச்சு, எல்லாருக்கும் கேட்டிருக்கும்னு இருந்துட்டோம். நீங்க வெளிய இருக்கீங்கங்கறதே யாருக்கும் ஞாபகம் வரல. உங்கள நாங்க வேத்தாளா நெனச்சதே இல்லையே."

மதர் பொய் சொல்கிறவர் இல்லை. பொய்யாக இருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

"என் நம்பராவது இருக்கா உங்ககிட்ட?"

மதர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "லேப் சிஸ்டர்கிட்டதான் இருந்துச்சு."

இத்தனை வருஷத்தில் மடத்திலிருந்து வந்த போன் எல்லாம் லேப் சிஸ்டர் பண்ணியதுதான் என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. "சிஸ்டர் என்னக் கேட்டாங்களா?" என்றாள்.

"'எல்லாரும் வந்தாச்சா'ன்னு கேட்டாங்க." என்றார் மதர். "நான்தான் 'வந்தாச்சு'ன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

வீட்டில் தம்பி மனைவி சாப்பாடு எடுத்துவைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். "அண்ணி, அழுதிருக்கீங்களா?"

"மடத்துல ஒருத்தங்க தவறிட்டாங்க."

"அய்யோ, அந்த வண்டி ஓட்டுற சிஸ்டரா? சாகும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல?"

டீச்சர் சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்தாள். இனி அந்த வாசலை மிதிப்பதில்லை, சிலுவையை அடக்கத்துக்குப் பிறகு மதர் கையில் கொடுத்துவிடுவது என்று மாடிப்படி ஏறும்போதே முடிவுசெய்தாள். முடிவுசெய்த பிறகு, அப்புறம் மாலை நேரங்களில் எங்கே போவது என்ற கேள்வி வந்து நின்றது. கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் போன் அடித்தது. லேப் சிஸ்டரின் எண். எடுத்தாள். பேசியது மதர்.

"டீச்சர், உங்க நம்பர் இதுலதான் இருக்கு, அதான்... கல்லறைக்கு நம்ம வேன்லயே கொண்டுபோகணும்னு சிஸ்டருக்கு ஆச. ஆனா ஓட்ட ஆளில்ல. நீங்க ஓட்டுறீங்களா?"

வண்டி ஓட்டத் தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் இப்போது வண்டியில் ஏற்ற வேண்டும். தன்னைக் கூப்பிடுவது மன்னிப்புக் கேட்பதற்கா, இல்லை வேறு வழியில்லாமலா என்று டீச்சருக்கு விளங்கவில்லை. மதருக்கே விளங்கியிருக்குமா என்பதும் சந்தேகம்தான். "வர்றேன் மதர்" என்றாள்.

பின்இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பெட்டியை வைத்திருந்தார்கள். முன்னால் வேன், பின்னால் இரண்டு வரிசையாக சிஸ்டர்கள், ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடந்து வந்தார்கள். கோல் ஊன்றி வருகிறவர்களுக்கு ஈடாக முதல் கியரில், கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி நகர்த்தினாள். கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். கண்ணாடிகள் ஏற்றியிருந்ததால் ஜெபச் சத்தம் உள்ளே வரவில்லை. மடத்தில் எந்நேரமும் யாராவது கதவைத் திறந்துகொண்டு வந்துவிடுவார்கள். வண்டி கற்ற நாட்களுக்குப் பிறகு அவளும் லேப் சிஸ்டரும் மட்டும் இருப்பது அரிதாகத்தான் வாய்த்திருக்கிறது.

"சிஸ்டர்," என்றாள் முன்னால் பார்த்தபடியே. "நேத்து நான் தூரத்துல எல்லாம் இல்ல. சுவத்துக்குப் பின்னாலதான் இருந்தேன். வண்டிச் சத்தத்துல மணி காதுல விழல. அந்த பேங்க் மேனேஜர் இருக்காருல்ல, ஒரு பூந்தொட்டிய இடிச்சுட்டாரு. எறங்கிப்போயி அதுகிட்ட சாரி கேக்குறாரு சிஸ்டர், தொட்டிகிட்ட!" சிரிக்கத் தொடங்கி நிறுத்தினாள். "நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க வாசலப் பாத்துக்கிட்டு இருந்தப்ப நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன் சிஸ்டர்."

அதன்பிறகு சாலை கலங்கலாகத்தான் தெரிந்தது. வண்டி கற்க வருகிறவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்த எதையும் அவள் செய்யவில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். சந்தை தாண்டியது. பள்ளிக்கூடம் தாண்டியது. நடப்பதைவிட மெதுவாகப் போனாள். பின்னால் வரிசை நெருங்கி வந்து, நின்று, மறுபடி நடந்தது. என்ன மெதுவாகப் போனாலும் கல்லறைக் கேட் வரத்தான் செய்தது.

கைப்பிரேக்கைப் போட்டு இன்ஜினை அணைத்தாள். பழைய வேன், பின்கதவை வெளியிலிருந்து திறக்க முடியாது, டிரைவர் இருக்கைக்குக் கீழே இருக்கிற கம்பியை இழுத்தால்தான் திறக்கும். சிஸ்டர்கள் வந்து கூடினார்கள். பெட்டியைத் தூக்க அங்கிக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காத்து நின்றார்கள். யாரோ கைப்பிடியைத் திருகிப் பார்த்தார்கள். டீச்சரின் விரல்கள் கம்பியின் மேல்தான் இருந்தன. இழுக்கவில்லை. கண்ணாடியில் பெட்டியும், அதற்குப் பின்னால் கதவுக் கண்ணாடிக்கு வெளியே நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே பார்க்கும் வெள்ளை முக்காடுகளும் தெரிந்தன.

மதர் முன்னால் வந்து டிரைவர் பக்கக் கதவைத் தட்டினார். சற்றுப் பொறுத்து மறுபடி தட்டினார், வேற்றார் வீட்டு வாசலில் நின்று தட்டுவதுபோல, மெதுவாக.