மறுக்க ஒருத்தி

ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கும் மண்டபத்தில், கட்டுரை என்றால் அஜந்தா ரீச்சர்தான். முன்னுரையில் எவரையும் நோகடிக்கக் கூடாது, தலைப்பைப் புகழ்ந்து, பெரியோரை வணங்கி, ஆறுதலாக உள்ளே போக வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பாள். அப்படி எழுதிய பிள்ளைகள் போட்டிகளில் கேடயம் கேடயமாக வாங்கி வந்தார்கள்.

அந்தப் பழக்கம் நோர்வேஜியப் பள்ளிக்கூடத்துக்கும் கூடவே போனதுதான் வினை. அவளுடைய மகள் ஆரணி, வரலாற்றுக் கட்டுரையை ‘நோர்வே ஓர் அழகிய நாடு’ என்று தொடங்கி, எல்லாத் தரப்பிலும் நியாயம் உண்டு என்று முடித்திருந்தாள். பள்ளிக்கூட ஆசிரியர் ஓரத்தில் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று: நீ என்ன சொல்ல வருகிறாய்?

அதோடு ஆரணி சனிக்கிழமை வகுப்பில் அடுத்த அறைக்கு மாறிவிட்டாள். பேர்கன் நகரில் படித்து முடித்து அண்மையில் ஒஸ்லோ வந்த கம்சாயினி, அங்கே பெரிய பிள்ளைகளுக்கு வரலாற்றுக் கட்டுரை எழுதப் பழக்கினாள். அஜந்தாவின் கதவடியில் கழற்றிக் கிடக்கும் சப்பாத்துகள் வாரா வாரம் குறைய, அடுத்த கதவடியில் குவிந்தன.

பொறாமை என்றால் அஜந்தாவுக்குக் கோபம் வரும். ஆகையால் நாங்கள் அந்தப் பேரை வைக்க வேண்டாம். ஆனால் அந்த அறைச் சிரிப்பு சுவரைத் தாண்டி வந்தபோதெல்லாம் அவள் கையிலிருந்த பேனையின் முனை பலகையில் நசிந்தது. வீட்டில் ஆரணி “கம்சாயினி ரீச்சர் சொன்னவ” என்று தொடங்கினால் குசினியில் சட்டிகள் சத்தம் போட்டன.

ஒருநாள் தன் வகுப்பை வேளைக்கே முடித்து, மகளைக் கூட்டிப்போகும் சாட்டில் அங்கே பின்வரிசையில் போய் இருந்தாள். ஒரு பிள்ளை எழுந்து தன் கட்டுரையின் கருத்தை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்; ‘இல்லை’ என்று மறுக்க முடிந்தவர் எழும்ப வேண்டும். ஒருவரும் எழும்பாவிட்டால் அந்தக் கருத்து உதவாது. போர் கொடியது என்றான் கிருஷிகன். ஒருவரும் அசையவில்லை. அவனே சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பிள்ளைகளை வாய்க்காரராக்கவோ ஒரு வகுப்பு என்று அஜந்தா உள்ளுக்குள் புறுபுறுத்தாள்.

பிறகு ஆரணி எழுந்தாள். “நோர்வேயின்ரை வடக்கிலை மீன் தொழிற்சாலையளுக்குப் போன எங்கடை ஆக்கள் வேறை வழியில்லாமல் போகேல்லை. அங்கை சொந்தக்காரர் இருந்ததாலைதான் போனவை.”

வகுப்பு யோசித்தது. மறுக்க ஆராவது உண்டோ என்று கேட்டபடி கம்சாயினி ஆரணியின் தோளில் கையை வைத்தாள். அந்தக் கையைத்தான் அஜந்தாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழும்பிவிட்டாள்.

“இல்லை. உன்ரை அப்பாவுக்கு அங்கை ஒரு சொந்தமும் இல்லை. ஒஸ்லோவிலை பாசை தெரியாதவனுக்கு ஆர் வேலை குடுத்தது? மீன் வெட்டத் தெரியுமெண்டு பொய் சொல்லிப்போட்டெல்லோ போனவர்.”

வகுப்பு சிரித்தது. மகளைச் சபையில் விழுத்திவிட்டேனே என்று அவளுக்கு உடம்பு கூசியது. ஆரணியோ சந்தோசத்தில் நின்றாள்.

“அக்கா எழும்பினபடியா இது நல்ல கருத்து,” என்றாள் கம்சாயினி. “இனி அவவுக்கு மறுமொழி தேடு, ஆரணி. அதுதான் கட்டுரை.”

“அப்ப அம்மா, சித்தப்பாவை அங்கை கூப்பிட்டது ஆர்?”

தம்பியைப் பின்னால் அங்கே வேலைக்குக் கூப்பிட்டது அப்பாதான். ரயிலில் வீடு போகும்போது ஆரணி திருத்திச் சொன்னாள்: முதல் போனவர்களைத் தள்ளியது வறுமை, பின்னால் போனவர்களை இழுத்தது உறவு. அதற்கும் அஜந்தா இல்லை என்றாள். இறங்கும்வரை மகள் வேறு எவருடைய பேரையும் எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளுடைய சின்ன வகுப்பில் ஒரு பிள்ளை ‘தமிழ் இனிமையான மொழி’ என்று கட்டுரையைத் தொடங்கியது. “இதுக்கு இல்லையெண்டு ஆர் எழும்புவியள்?” என்று கேட்டாள் அஜந்தா. ஒரு குறும்பன் எழும்பினான். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

இதை எங்கே பழகினாள் என்று அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. எழுந்துபோய்க் கதவை மட்டும் அகலத் திறந்துவிட்டாள். சிரிப்பு அடுத்த அறைக்கும் கேட்க வேண்டுமே.