சட்டியில் விழுந்த சொட்டு

கிளாட்ஸ்டன் அடுப்படிக்குள் காலெடுத்து வைக்கிற ஆளே இல்லை. அன்றைக்கு ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து அடுப்புக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் அக்கா ஐவி ஏதோ ஓதியிருக்கிறாள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

என்ன ஓதியிருப்பாள் என்றும் தெரியும். ஆம்பளையை வீட்டோடு கட்டிப்போட நினைக்கிறவள், கொதிக்கிற சட்டிமேல் குனிந்து தன் வேர்வையைச் சொட்டவிடுவாளாம். தின்றவன் அவள் வாசலைவிட்டு நகரமாட்டானாம். எங்கள் குவாரியில் கல் உடைக்கிற பாதிப்பேர் இதற்குப் பயந்தே வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முந்தின வாரம்தான் அவனிடம் கேட்டிருந்தேன். "பாதி வாரம் இங்க, பாதி வாரம் அக்கா வீடு. மூட்டையைக் கட்டிக்கிட்டு இங்கயே வந்துடேன்." ஞாயிற்றுக்கிழமை சொல்றேன் என்றிருந்தான். இதுதான் அந்த ஞாயிறு.

"என்னய்யா, மேஸ்திரி மாதிரி உக்காந்திருக்கே?"

"சும்மாதான். நீ எப்படிச் செய்றேன்னு பாக்குறேன், எர்மா."

"இத்தன நாள் பாக்காமத்தானே தின்னே?"

"அதைத்தான் யோசிக்கிறேன்."

ஊறின கொண்டைக்கடலை வெந்துகொண்டிருந்தது. பூசணித் துண்டுகளைப் போட்டேன்.

"அந்தப் பொட்டலத்துல என்ன?"

"சீரகத்தூள். மோந்து பாரு."

மூக்கை உள்ளே விட்டு மோந்தான். தும்மல் அடங்க நேரமாயிற்று. அப்படியும் விடவில்லை. தேங்காய்ப்பாலை ஒரு வாய் குடித்துக் காட்டச் சொன்னான். குடித்தேன். மாவு உருண்டைகளைப் போட்டுவிட்டு, கடைசியாக ஒரு மிளகாயைக் காம்போடு முழுசாக மிதக்கவிட்டேன். அது உடைந்தால் காரத்தில் வாய் வைக்க முடியாது. கரண்டி அதில் படாமல் கிண்டக் குனிந்தேன். தகரக் கூரை, மத்தியான வெயில், கீழே நெருப்பு. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு நேராகச் சட்டியில் விழுந்தது.

ஸ்டூல் கிறீச்சிட்டது.

"பாத்துட்டேன்!"

"வேர்வைய்யா. அடுப்புல நின்னா வேர்க்காதா?"

"ஐவி சொன்னது சரியாப் போச்சு."

"குவாரியில ஒரே பாட்டில்ல வாய் வெச்சுக் குடிச்சோமே, அதுல உன் வேர்வை விழலையா? நான் ஏதாவது கேட்டேனா?"

தட்டில் போட்டு நீட்டினேன். விரலால் என் பக்கமே தள்ளிவிட்டான்.

"நீ தின்னு மொதல்ல."

உட்கார்ந்து தின்றேன். பூசணி கரைந்து குழம்பு கெட்டியாகியிருந்தது. கடலை நாக்கிலேயே மசிந்தது. மிளகாய் உடையவில்லை, வாசம் மட்டும் இறங்கியிருந்தது. கடைசி உருண்டையால் தட்டைத் துடைத்து வாயில் போட்டேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். எச்சில் விழுங்கினது கேட்டது.

"சரி, எனக்கும் கொஞ்சம் போடு."

சட்டியை மூடினேன்.

"வேணாம்யா. உங்க அக்கா சொன்னது நெசம்னா, நான் இப்ப எனக்கே கட்டுப்பட்டுட்டேன். உன் சட்டை கொடியில கிடக்கு. காஞ்சிருக்கும்."

வெளியே போனான். கொடியிலிருந்து எடுக்க ஒரே ஒரு சட்டைதான். அதற்கே அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. இன்னொரு தட்டு போட்டுக்கொண்டேன்.