நாற்பது சிரிப்பு

அன்று பரிசோதனைக்கு வரவேண்டிய ஆள் கம்பி நீட்டிவிட்டான். யார் தலையிலாவது மாட்டிச் சரிபார்க்காமல் கருவியைப் பயன்படுத்தக்கூடாது என்பது அந்த ஆய்வகத்தில் எழுதாத சட்டம். மூளை அலைகளைப் பதிவு செய்கிறவள் என்ன செய்வாள், பாவம்? கீழ்த்தளத்தில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனைப் பிடித்து இழுத்து வந்தாள். அவன் அவளுடைய கணவன்.

"தலை பூரா பசையை அப்புறியே, யார் கழுவுறது?"

"பேசாம திரையைப் பாருங்க. பேசினா கோடு கெட்டுப்போகும்."

திரையில் மனித முகங்கள் வந்தபோது அவனுடைய மூளை அலைக் கோடு சமர்த்தாக ஓடியது. அச்சு அசலாக மனுஷியைப் போலச் செய்த இயந்திரம் சிரித்ததும் பொத்தென்று பள்ளத்தில் விழுந்தது. இதில் அதிசயமில்லை. முகம் ஒன்று சொல்லி அசைவு வேறு சொன்னால், 'என்னமோ சரியில்லையே' என்று மூளை முரண்டு பிடிக்கும். தெரிந்த முகமும் வேண்டுமே என்று தன் சிரித்த படத்தை அவள் நடுவில் செருகியிருந்தாள். அதற்கும் கோடு பள்ளத்தில் விழுந்தது!

பத்து வருஷம் கூட வாழ்ந்தவளும் பொம்மையும் இவருக்கு ஒன்றா? கொஞ்ச நாளாக மனுஷன் முகம் கொடுத்தே பேசுவதில்லை. எவளாவது உள்ளே புகுந்துவிட்டாளோ?

சட்டென்று உறைத்தது. ஆய்வகத்துப் படங்களில் பருவையும் சுருக்கத்தையும் கணினியில் வழித்துத் துடைத்துவிடுவார்கள். "அடச்சே, படம்தான் கெடுத்திருக்கு." நேரிலேயே காட்டிவிட்டால் போயிற்று. ஆனால் நாற்பது தடவை காட்டிச் சராசரி எடுத்தால்தான் கணக்கில் சேரும். அவள் முகத்தை அட்டையால் மறைத்தாள், அட்டையை இறக்கிச் சிரித்தாள். மறுபடி மறைத்தாள், சிரித்தாள். கோடு ஒவ்வொரு தடவையும் விழுந்தது.

முப்பதாவது சிரிப்பில் அவன் கண் கலங்கிவிட்டது. "போதும்மா, நிறுத்து."

"ஏன், பார்க்கச் சகிக்கலையா? யாரு அவ?"

"எவளும் இல்ல. உங்கம்மா போனதுலேருந்து உன் வாய் மட்டும்தான் சிரிக்குது. கேட்டா நல்லாத்தான் இருக்கேங்கிற. எனக்குப் பயமா இருக்கு."

"நான் அழுதா நீங்க தாங்கமாட்டீங்கன்னுதான்..."

அம்மாவை எடுத்துப்போன அன்றுகூட அழாதவள், பசையும் கம்பியுமாக இருந்த அவன் தலையைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"அழு. நான் தாங்குவேன்" என்றான் அவன். தாங்கவில்லை. அவளைவிடப் பெரிதாக அழுதான்.