ரோசியாமியின் கைப்பிடி

மிசோரம் மலையில் எந்த வீட்டிலும் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசி தனியே போகும். அது ஊர்த் திருச்சபைக்கு. ரோசியாமி வீட்டில் அதற்கென்று ஒரு பழைய பால்மாவு டப்பா இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷம், ஒரு வேளைகூட அவள் கை அதை மறந்ததில்லை. பிரசவத்துக்குப் படுத்திருந்தபோதும் புருஷன் வன்கிமாவை அதட்டிப் போட வைத்தவள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான். இருந்துவிட்டுப் போகட்டும், வேறு நகையா நட்டா வைத்திருந்தாள்?

அந்த வருஷம் மூங்கில் பூத்தது. மூங்கில் பூத்தால் எலி பெருகும், எலி பெருகினால் கதிர் மிஞ்சாது. இரண்டே நாளில் எலிகள் அவர்கள் வயலை மொட்டையடித்துவிட்டன. அப்புறம் காலையும் மாலையும் காட்டுக்கிழங்குதான். ரோசியாமியா விடுவாள்? கிழங்கு வேகவைக்குமுன் ஒரு துண்டை டப்பாவில் போட்டாள். சனிக்கிழமைதோறும் அரிசி சேர்க்க வருகிற தங்புயி, ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்தே அவளோடு மல்லுக்கு நிற்பவள், அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"கிழங்கையாடி கர்த்தருக்குக் குடுப்பே?"

"நாங்க திங்கிறதுதான் அவருக்கும். அவருக்குன்னு தனியா எங்கேருந்து கொண்டாறது?"

மூன்றாவது மாதம் கிழங்கும் அருகிப்போனது. ஒரு ஞாயிறு, ஆராதனையில் எல்லோரும் எழுந்து பாடும்போது சின்ன மகள் பாதிப் பாட்டிலேயே சோர்ந்து உட்கார்ந்துவிட்டாள். ரோசியாமி பாடி முடித்தாள். ஆனால் குரல் அவள் சொன்னபடி கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை தங்புயி முதுகுக்கூடை நிறைய அரிசியோடு மேடேறி வந்தாள்.

"சபையில குடுத்துவிட்டாங்க. பாத்திரம் கொண்டா."

ரோசியாமிக்கு முகம் சிவந்தது. "எங்களுக்கு வேண்டாம். இல்லாதவங்களுக்குக் குடு."

"இந்த ஊர்ல இப்ப இருக்கிறவ யாருடி? ரொம்பத்தான் கிராக்கி பண்ணாதே."

"வாங்கிக்கோயேன்," என்றான் வன்கிமா. "கிழங்கு தின்னு தின்னு எனக்கு வேர் விட்டுடும் போலிருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் கொடுத்த கை நீளமாட்டேன் என்றது. சின்ன மகள் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் தாங்க முடியாமல்தான் ரோசியாமி பாத்திரத்தை எடுத்து வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள்.

அரிசி விழுந்து ஓய்ந்த பிறகு குனிந்து பார்த்தாள். சிவப்பரிசி, வெள்ளை அரிசி, குட்டை, நெட்டை, நடுநடுவே கறுப்பு. எந்த வயலிலும் இப்படிக் கலந்து விளையாது.

"ஏய், இது கைப்பிடி அரிசிடி!"

"பின்னே? மேற்கு மலை ஊர்கள்ல சேர்ந்தது. அங்க இன்னும் மூங்கில் பூக்கல. எப்பவும் வித்துச் சபைச் செலவுக்கு வச்சுக்குவாங்க. இந்தத் தடவை விக்காம அப்படியே நமக்கு அனுப்பிட்டாங்க."

மேற்கு மலை. ஏழு வருஷத்துக்கு முன் அங்கே மண் சரிந்தபோது இந்த ஊர் அரிசி அங்கே போனது. அவள் டப்பா அரிசியும் அதில் ஒன்று. முகம் தெரியாத எத்தனை பெண்கள், அவளைப் போலவே உலைக்கு முன்னால் நின்று அள்ளிப் போட்டிருக்கிறார்கள்! ரோசியாமிக்கு வெட்கம் போன இடம் தெரியவில்லை. கர்த்தர் தன்னை எவ்வளவு பெரிய வீட்டில் வாழவைத்திருக்கிறார் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

தங்புயி அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும் அடுப்பை மூட்டினாள். அரிசி களையுமுன் ஒரு கைப்பிடி அள்ளினாள்.

"இதுலயுமா?" என்றான் வன்கிமா.

அதை டப்பாவில் போட்டுத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினாள். அடுத்த வீட்டில் மிச்சத்தை அளந்துவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த தங்புயியை மறித்தாள்.

"இந்தா. இன்னைக்குச் சனிக்கிழமை."

"பைத்தியமாடி? இப்பத்தானே உனக்கு அளந்துட்டு வந்தேன்! அதையே திருப்பித் தர்றியா?"

"யாருடி திருப்பித் தர்றா? உன் கூடையில இருந்தவரைக்கும் சபை அரிசி. என் அடுப்படிக்கு வந்தா என் அரிசி. என் அரிசியிலேருந்து குடுக்கிறேன். கூடையை இறக்கு."

தங்புயி கூடையை இறக்கினாள். டப்பா கவிழ்ந்தது. அடியில் கிடந்த அந்த ஒரு பிடியைக் குனிந்து பார்த்தாள்.

"கூடையைப் பார்த்துக்கோ," என்றாள் மெல்ல. "எங்க வீட்லயும் காலையில இதே சபை அரிசியை அளந்து வச்சேன். உலை வைக்குமுன்ன ஓடிப் போயி ஒரு பிடி எடுத்துட்டு வந்துடறேன்."