பொன்னுத்தங்கம் அவளுக்கு என்ன வேணும்?

1

இந்தக் கதை எனக்கு விருதுநகரில் ஓர் ஓட்டல் மாடியில் கிடைத்தது. புதிய மனநலச் சட்டம் அமலுக்கு வந்திருந்த நேரம். மனநல மருத்துவர்கள் கூடி, அது சரியா தப்பா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சாப்பிடப் போன நான், பசியை மறந்து கேட்டுக்கொண்டு நின்றேன்.

முதல் வரி இப்படி வந்தது: ‘சட்டத்தின் பதினான்காம் பிரிவின்படி…’ (அடித்துவிட்டேன். யார் படிப்பார்கள்?)

2

டாக்டர் பெனாசிர் அன்று சட்டத்தை எதிர்த்துப் பேசுவதாக இருந்தது. நோயாளி தனக்குப் பிடித்தவரைப் பிரதிநிதியாக நியமிக்கலாம் என்கிறது சட்டம். பார்த்துக்கொள்வது குடும்பம், கையெழுத்துப் போடுவது வேற்றாளா என்பது அவர் கட்சி. மூத்த மருத்துவர் ரத்தினசாமிக்கும் அதே கட்சிதான்.

அன்று காலை தாயில்பட்டியிலிருந்து அழகுமீனாவை அவள் அண்ணன் ஜெயபாண்டி பெனாசிரின் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தான். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். நாள்கணக்காகத் தூக்கமில்லை, காதுக்குள் யாரோ ஏசுகிறார்கள். தீபாவளி முடியும்வரை உள்ளேயே வைத்துக்கொள்ளச் சொன்னான் அண்ணன். ஆனால் போன தடவை குணமாகிப் போகும்போது தன் பிரதிநிதி என்று அழகுமீனா கொடுத்த பெயர், கூட வேலை பார்க்கும் பொன்னுத்தங்கத்தினுடையது.

“அவ இவளுக்கு என்ன வேணும்? கூடப் பொறந்தவன் நான் நிக்கேன்ல, டாக்டரம்மா?”

பெனாசிர் வேண்டாவெறுப்பாகத்தான் போன் செய்தார்.

[இங்கே பொன்னுத்தங்கத்தை வரவிடாமல் செய்யலாமா என்று யோசித்தேன். சீசன் நேரம், லோடு காத்துக்கிடக்கிறது. ஆனால் அவள்]

வந்துவிட்டாள், கையில் ஒட்டிய பட்டாசு மருந்துப்பொடியைக்கூடக் கழுவாமல். தோழியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“ஏட்டி, இங்கன இருக்கியா, வீட்டுக்கு வாரியா?”

காலையிலிருந்து தான் உட்பட ஒருவரும் அதைக் கேட்கவில்லை என்பது பெனாசிருக்கு அப்போதுதான் உறைத்தது.

அழகுமீனா அந்தப் பொடி ஒட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ கூட இருந்தா இருக்கேன்.”

3

பெனாசிர் மேடைக்கு ஓடித்தான் வந்தார். எழுதிவைத்த பேச்சை எடுக்கவே இல்லை. காலையில் நடந்ததை அவர் சொல்லச் சொல்ல, கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு நோயாளியை வைத்துச் சட்டத்தை எடை போடக் கூடாது என்றார் ரத்தினசாமி. நியாயந்தான் என்று பெனாசிரும் ஒத்துக்கொண்டார்.

“குறை இருக்கு சார். அந்தப் பொண்ணுக்கு உரிமையைக் கொடுத்த சட்டம், கூட இருக்கிறவளுக்கு லீவு கொடுக்கலையே. அதைக் கேட்போம்.”

மாடியே அதிர்ந்தது. (ரத்தினசாமியும் கைதட்டினார் என்று எழுதிப் பார்த்தேன், பொய்யாகப் பட்டது. பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார், அவ்வளவுதான்.)

4

முடிவுகள் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் கம்பெனி லீவு கொடுக்கிறது. இன்னொன்றில் பொன்னுத்தங்கத்தின் இடத்தில் மறுநாளே வேறொருத்தி உட்கார்ந்து

வேண்டாம். இப்போது வார்டில் அழகுமீனா அயர்ந்து தூங்குகிறாள். கட்டிலருகே பொன்னுத்தங்கத்தின் போன் அடிக்கிறது. கம்பெனியிலிருந்துதான். எடுத்துவிட்டாள். நாளைக்கு வர முடியாது என்று மெல்லச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

மறுமுனையில் இருப்பது நீங்கள்.