எண்ணூர் மாப்பிள்ளையின் தண்ணீர்ப் புட்டி

பெண் கேட்டு ஒருவன் வந்தால் என்ன படிப்பு, என்ன சம்பளம் என்றுதான் ஊரில் விசாரிப்பார்கள். ராயபுரம் சிலுவைமுத்து மாப்பிள்ளை வீட்டுத் தண்ணீரை விசாரித்தான். விசாரிக்க மாட்டானா? கார்ப்பரேஷன் சோதனைக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாகத் தண்ணீரைச் சோதிக்கிறவன். யார் வீட்டுக்குப் போனாலும் கிணறு எங்கே, கக்கூஸ் எங்கே என்று பார்த்த பிறகுதான் உட்காருவான். தங்கை ரோஸ்மேரி என்றால் அவனுக்கு உயிர். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்த வீட்டில் அண்ணனும் தங்கையும்தான்.

இது நடந்தது ஐம்பத்து மூன்றாம் வருஷம். மாப்பிள்ளை சவரிநாதனுக்குத் திருவொற்றியூர் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை, வீடு எண்ணூரில். முகத்துவாரத்துப் பக்கம் கிணறுகள் உப்புக் கரிக்கும் என்று சிலுவைமுத்துவுக்குத் தெரியும். பெண் பார்த்துவிட்டுக் கிளம்பியவன் கையில் கண்ணாடி மூடி போட்ட புட்டி ஒன்றைத் திணித்தான்.

"உங்க வூட்ல குடிக்கிற தண்ணிய இதுல ரொப்பி, மூடிய இறுக்கிக் கட்டி, அன்னிக்கே காலைல என் ஆபீசாண்ட குட்த்துடுங்க. தண்ணி நல்லா இருந்தா மேல பேசலாம்."

கதவுக்குப் பின்னால் ரோஸ்மேரி தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு சவரிநாதனைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இந்த அண்ணன் ஒரு புட்டித் தண்ணீரில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுவானோ என்று பயந்தாள்.

மூன்றாம் நாள் புட்டி வந்தது. முதலில் உப்பைப் பார்த்தான். கொஞ்சம்தான் இருந்தது. எண்ணூரில் இப்படி ஒரு கிணறா என்று வாயைப் பிளந்தவன், சந்தேகத்துக்கு இன்னொரு மருந்தையும் சொட்டவிட்டான். தண்ணீர் இளமஞ்சளாக மாறியது. குளோரின்! கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரில் கலக்கிற மருந்து எண்ணூர்க் கிணற்றுக்குள் எப்படிப் போகும்? பயல் யார் காதில் பூ சுற்றுகிறான்?

மறுநாள் விடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு எண்ணூரில் போய் இறங்கினான். வீட்டில் சவரிநாதனின் அம்மா மட்டும்தான் இருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேரே கிணற்றடிக்குப் போய், ஒரு வாளி இறைத்து வாயில் விட்டான். விட்ட வேகத்தில் துப்பினான்.

"அய்யய்யோ, அத்த ஏம்பா வாயில ஊத்திக்கினே? அது துணி தொவைக்கிற தண்ணி!" என்று அவள் ஓடிவந்தாள்.

"அப்ப புட்டியில வந்தது இன்னா தண்ணி? டபாய்க்கிறீங்களா?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. சவரிநாதன் வந்துகொண்டிருந்தான். கேரியரின் இரண்டு பக்கமும் இரண்டு குடங்கள் தொங்கின. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் அவன் கோபப்படவில்லை.

"நீங்கதான குடிக்கிற தண்ணின்னு சொன்னீங்க? நாங்க குடிக்கிறது இதான். தண்டையார்பேட்ட தெருக்கொயா தண்ணி, கார்ப்பரேசன் தண்ணி. உப்புத் தண்ணி அம்மா வயித்துக்கு ஒத்துக்கல. நாலு வருசமா தெனம் போய்க்கினு கீறேன். புட்டியயும் அங்கியே ரொப்பி எடுத்தாந்தேன்."

ஆறு மைல் போக, ஆறு மைல் வர. சிலுவைமுத்து மனசுக்குள் கணக்குப் போட்டான். அந்த அம்மாள் கொடுத்த தண்ணீரைத் தலையைக் குனிந்துகொண்டே குடித்துவிட்டுத் திரும்பினான்.

வீட்டுக்கு வந்து ரோஸ்மேரியிடம் ஒன்று விடாமல் சொன்னான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"ஆளு தங்கமான ஆளு. ஆனா அவரு ஒரு நாளு படுத்துக்கினா உனுக்கு யாரும்மா தண்ணி கொண்ணாருவா?"

"நான் கொண்ணாருவேன். இங்க மட்டும் யாரு கொண்ணாராங்க? கொயா எதுத்த வூட்டாண்டதான் கீது. ஒரு நாளாவது நீ ஒரு கொடம் ரொப்பிக்கினு வந்துகீறியாண்ணா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். சிலுவைமுத்து மூலையில் இருந்த குடத்தைப் பார்த்தான். பட்டணத்துத் தண்ணீரில் என்னென்ன இருக்கிறது என்று புட்டுப் புட்டு வைக்கிறவனுக்கு, ஒரு குடம் தண்ணீர் என்ன கனம் என்று தெரியாது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடி வரிசையில் போய் நின்றான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக் குப்பம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவனைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள்.

"இன்னா நைனா, ரோஸ்மேரிக்குக் கண்ணாலம் நிச்சயமாயிடுச்சா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தான். தலையை மட்டும் ஆட்டினான்.