கோணல் குகை வரை

தம்பி அக்காவுக்குத் தர வேண்டிய பாக்கி இருபத்தேழாயிரத்து நானூறு ரூபாய். வேன் வாங்கும்போது துண்டு விழுந்ததற்கு அவள் கொடுத்த தொகை. அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

அக்கா கட்டட வேலையில் சித்தாள். கலவைச் சட்டி சுமந்து சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்துபோனது. இனித் தலைச்சுமை தூக்கினால் கை மரத்துவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தெருமுனையில் துணி தேய்க்கிறவர் தொழிலை விடப்போகிறார். இன்று சாயங்காலத்துக்குள் நாலாயிரம் முன்பணம் வைத்தால் இஸ்திரி வண்டி உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறது என்றார். நின்ற இடத்தில் பிழைக்கலாம், கழுத்தும் தப்பிக்கும்.

அதனால் பொழுது விடிந்ததும் அவள் நேராக ஆற்றங்கரைச் சாலை தொடங்கும் முக்குக்கு வந்துவிட்டாள். தம்பி வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் கதை சொல்லிக் கூட்டிப்போவது அவன் பிழைப்பு. வாய் மூடாததால் எல்லாருக்கும் அவன் ரேடியோ.

"வாக்கா, டீ சொல்லட்டுமா?"

"டீ வேணாம். காசு எடு."

"சாயங்காலம்க்கா."

"நீ சொல்ற சாயங்காலம் எந்தக் காலண்டர்லயும் இல்லடா. இன்னிக்கு உன்ன விட்டு நகர மாட்டேன்." முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அவன் தலையைச் சொறிந்தான். "வண்டி நிறைய ஆள் இருக்கு. தலைக்கு முந்நூறு. கடைசியில வர்றத அப்படியே உன் கையில குடுத்துடறேன். முன்பணத்துக்கு ஆச்சு."

"ஏறும்போதே வாங்கினா என்ன?"

"கதைக்கு முன்னாடி காசு கேட்டா மூஞ்சி மாறிடும்க்கா. அப்புறம் மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டே கேப்பாங்க."

"சரி, கடைசியில நான் வாங்கறேன். நீ பேசற வேலைய மட்டும் பாரு." மடியிலிருந்த துணிப்பையைத் தட்டிக் காட்டினாள். காசு கேட்கக் கூச்சப்படுகிற ஆம்பிளையும் ஒரு ஆம்பிளையா என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

ஆட்கள் ஏறியதும் வண்டி கிளம்பியது. அந்தச் சாலை அவளுக்குப் புதிதில்லை. மணல் லாரியின் மேல், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எத்தனையோ தரம் போயிருக்கிறாள். ஆனால் அப்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தூங்கத்தான் தோன்றும். ஆறு எந்தப் பக்கம் வருகிறது என்றுகூடக் கேட்டதில்லை. இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது கூடவே வந்தது. பாறை வந்தால் ஒதுங்கியது, வளைவு வந்தால் முந்திக்கொண்டது.

முதலில் ஒரு செங்குத்துப் பாறையருகே நிறுத்தினான். பாறையில் கோடு கோடாக வெட்டியிருந்தது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வருஷம். "வெள்ளம் ஏறின அளவு," என்றான். ஆட்கள் முழங்கால் உயரத்துக் கோட்டைப் பார்த்தார்கள், பிறகு இடுப்பளவுக் கோட்டை. "அவ்ளோதானா?" என்றார் கேமரா மாட்டியிருந்தவர். ரேடியோ கையை மேலே காட்டினான். வேன் கூரைக்கும் மேலே, மரக்கிளைக்குள், ஒற்றைக் கோடு. எல்லாரும் அண்ணாந்தார்கள். அக்காவும் அண்ணாந்தாள், கழுத்து சுளீரென்றது. தலைக்கு மேல் அத்தனை தண்ணீர் நின்று ஓடிய இடத்தில் செருப்போடு நிற்கிறோம் என்று நினைத்ததும் அவளை அறியாமல் ஒரு அடி பின்னால் வைத்தாள்.

அடுத்தது கயிற்றுக் கல். சாலை ஆற்றை ஒட்டித் திரும்பும் முனையில் ஆளுயரக் கருங்கல். சாலை வராத காலத்தில் சரக்குப் படகுகளை ஆட்கள் கரையிலிருந்து கயிறு கட்டி, நீரோட்டத்துக்கு எதிராக இழுத்துப் போவார்களாம். திருப்பத்தில் கயிறு இந்தக் கல்லில் உரசும். உரசி உரசிக் கல்லில் பள்ளம் பள்ளமாக விழுந்திருந்தது.

"கல்ல அறுத்தது கயிறு," என்றான் ரேடியோ. "கயித்த இழுத்தது தோளு."

அக்கா கையை ஒரு பள்ளத்துக்குள் விட்டாள். மணிக்கட்டு வரை போனது. உள்ளே கண்ணாடி போல வழவழப்பு. கல்லே இப்படித் தேய்ந்திருந்தால் அந்தத் தோள்கள் என்ன பாடுபட்டிருக்கும். அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. மற்றவர்கள் ஏறிய பிறகும் அவள் அங்கேயே நின்றாள்.

"அக்கா, வா. கல்லு எங்கயும் ஓடாது."

"இரு இரு. நீ பொறந்ததிலேர்ந்து அவசரம்தான்."

கடைசியில் மலையின் மூக்கு ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. புதுச்சாலை அதைச் சுற்றிப் போகிறது. பழைய பாதை குகையாக மலைக்குள் நுழைகிறது. வெடி இல்லாத நாளில் உளியால் குடைந்த குகை. வேனை வெளியே நிறுத்திவிட்டு நடந்து உள்ளே போனதும் சில்லென்றது. பாதி தூரத்தில் குகை நேராகப் போகாமல் பக்கவாட்டில் மடங்கியது. மடங்கும் இடத்தில், நேரே முன்னால், முட்டுச்சந்து மாதிரி ஒரு பொந்து.

"ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ரெண்டு கூட்டம் குடைஞ்சுக்கிட்டு வந்துச்சு," என்றான். அவன் குரல் இறங்கியிருந்தது. "நடுவுல சந்திக்கணும். சந்திக்கல. இருட்டுல ஒருத்தர ஒருத்தர் தாண்டிப் போயிட்டாங்க. இந்தப் பொந்துதான் நாம வந்த பக்கத்துக் கூட்டம் தாண்டி வந்த இடம். அவங்க தாண்டின பொந்து இந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கு. எல்லாரும் பாறையில காத வைங்க. பேசாதீங்க."

அவன் டார்ச்சை அணைத்துவிட்டுப் போனான். காலடிச் சத்தம் மடங்கி மறைந்தது. அக்கா ஈரப்பாறையில் காதை ஒட்டினாள். முதலில் தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது.

டக்.

பாறைக்குள்ளிருந்து வந்தது. யாரோ மலையின் வயிற்றுக்குள் இருந்து கதவைத் தட்டுவது போல. டக், டக். அது தம்பியென்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பு சிலிர்த்தது. அன்றைக்கும் இப்படித்தான் ஒருத்தன் காதை வைத்திருப்பான். முன்னால் கேட்க வேண்டிய சத்தம் பக்கத்தில் கேட்டிருக்கும். ஐயோ, தாண்டி வந்துவிட்டோமே என்று நெஞ்சு வெடித்திருக்கும். அப்புறம் உளியைத் திருப்பி, சத்தம் வந்த பக்கமே குடைந்திருப்பான். அவள் விரலை மடக்கிப் பாறையைத் தட்டினாள். அந்தப் பக்கம் ஒரு கணம் அமைதி. பிறகு பதில் வந்தது, டக்.

ஒருத்தர் பின் ஒருத்தராகக் குகையின் மறுவாய் வழியாக வெளியே வந்தார்கள். அங்கே ஆறு திடீரென்று அகன்று, வானம் முழுவதையும் வாங்கிக்கொண்டு கிடந்தது. வந்தவர்கள் அங்கிருந்து படகில்தான் திரும்புவார்கள். படகுக்காரர் ஹாரன் அடித்தார். ஜனங்கள் தூக்கத்தில் நடப்பவர்கள் போல இறங்கிப் போனார்கள். ஒரு வயதான தம்பதியும் இன்னும் இரண்டு மூன்று பேரும் ரேடியோவின் கையைப் பிடித்து எதையோ வைத்துவிட்டுப் போனார்கள். அக்கா குகைச் சுவரில் கைவைத்தபடி நின்றாள். படகு நடு ஆற்றுக்குப் போய்ச் சின்னதாகிவிட்டது.

தம்பி பக்கத்தில் வந்தான். "வசூல் எவ்ளோக்கா?"

அவள் துணிப்பையைப் பார்த்தாள். தட்டையாகக் கிடந்தது. ஒருத்தரிடமும் காசு கேட்க மறந்திருந்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "எனக்கும் தினம் இப்படித்தான். உள்ள போயிட்டு வந்தா காசு கேக்க வாய் வர்றதில்ல. அவங்க மேலயும் தப்பு இல்ல. மறந்துடறாங்க. எப்படிச் சொன்னா நீ நம்புவ?"

காசைச் சீட்டாடி விட்டான், குடித்துவிட்டான் என்று சொந்தக்காரர்கள் சொன்னதையெல்லாம் அவள் நம்பித்தான் இருந்தாள். மெதுவாகக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இஸ்திரிக்காரர் இந்நேரம் தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"குகைய குடைஞ்சவங்க கை நீட்டி ஒருத்தர ஒருத்தர் புடிச்சிருப்பாங்கல்ல? பாறை உடைஞ்சப்ப?"

"அது யாருக்கும் தெரியாதுக்கா. கோணல் மட்டும்தான் மிச்சம் இருக்கு."

அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். பிறகு, "நாளைக்கும் வரேன்," என்றாள்.

"நாளைக்கும் கடன் கேக்கவா?"

"வேலைக்கு. கதவாண்ட நான் நிப்பேன். ஏறும்போதே காசு. மூஞ்சி மாறினா மாறட்டும், கயித்துக் கல்லுகிட்ட வர்றதுக்குள்ள தானா சரியாயிடும். நீ குடுக்க வேண்டியது வண்டியில என் பங்கு."

"இஸ்திரி வண்டி?"

"வேற யாராவது தேய்க்கட்டும்."

அவன் கையிலிருந்த நோட்டுகளை அப்படியே நீட்டினான். அவள் அதை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை அவன் சட்டைப் பையில் செருகினாள்.

"டீசலுக்குக்கா?"

"உன் பாதியில."

"இது எந்த ஊரு நியாயம்?"

"மூத்தவ நியாயம்," என்று மீதியைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். "இத பாக்கியில கழிக்காத. இனிமே பாக்கின்னு ஒண்ணு இல்ல. இது இன்னிக்கு நாம சம்பாதிச்சது."